அஞ்சலில் வந்த இணையப் பக்கங்கள்



தூரதேசத்திலுள்ள மருத்துவமனை ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்க முன்வரும் சபையார் எங்களிடம் முதலாவது கேட்கும் கேள்வி, "அங்கே இன்டர்நெட் இருக்கிறதா?" என்பதே. இல்லை என்று சொன்னால் அவர்கள் முகம் சற்று வாடிவிடுகிறது. இணையம் இல்லாத ஊரில் கம்ப்யூட்டர் வெறும் டைப்ரைட்டர்தானே என்று நினைக்கிறார்கள். நியாயமான எண்ணந்தான். ஆனாலும் 1990-களிலும் அதற்குப் பிந்திய சில ஆண்டுகளிலும், இணைய இணைப்பே எட்டாத ஊர்களிலிருந்த மருத்துவர்களும் ஆசிரியர்களும் மின்னஞ்சல் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இணையப் பக்கங்களை வரவழைத்துப் படித்தார்கள். அது எவ்வாறு நடந்தது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இது உயிர் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்ததற்கு மலேரியாவே போதிய சாட்சி. ஆப்பிரிக்காவில் மலேரியாக் காய்ச்சலுக்குக் குளோரோகுவின் மாத்திரை கொடுப்பது நெடுங்கால வழக்கம். விலை மலிவு, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து. 1980-களில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் பரவிற்று. 1993-ல் மலாவி நாடு குளோரோகுவினைக் கைவிட்டு, சல்பாடாக்சின்-பைரிமெத்தமின் என்னும் மருந்துக்கு மாறியது. ஆப்பிரிக்காவில் அதை முதலில் செய்த நாடு அதுதான். சில ஆண்டுகளில் கென்யா முதலிய நாடுகளும் மாறின. 2001-ல் உலக சுகாதார நிறுவனம், ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்துகளே வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆக, எட்டே ஆண்டுகளுக்குள் மருந்து இரண்டு முறை மாறிவிட்டது. காட்டுப்பகுதி மருத்துவமனையின் அலமாரியில் இருந்த புத்தகமோ 1985-ல் அச்சானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தை நம்பி மருந்து கொடுத்த மருத்துவர் தம் கடமையில் தவறவில்லை. பிள்ளைக்குத்தான் காய்ச்சல் இறங்காது. கப்பலில் வரும் மருத்துவ இதழ் மாதக்கணக்கில் தாமதமாகும். சந்தா கட்டவும் பணம் இராது. புதிய செய்தி வேறு எந்த வழியாகிலும் வந்தாக வேண்டும்.

இனி, மின்னஞ்சலுக்கும் இணையப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்போம். இரண்டும் ஒரே கம்பியில் வருகிறபடியால் இரண்டும் ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது நம்முடைய கம்ப்யூட்டர் தூரத்திலுள்ள இன்னொரு கம்ப்யூட்டரோடு நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்துக்குள்ளேயே படம் ஒன்று, தலைப்பு ஒன்று, ஓரத்து அலங்காரம் ஒன்று என்று பல துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும். கேள்வியும் பதிலுமாகப் பலமுறை போய்வர வேண்டும். அதுவரை தொலைபேசி இணைப்பு அறுபடக் கூடாது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போகிறதென்றால், ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்கே ஏறத்தாழ அரை விநாடி பிடிக்கும். முப்பது துண்டுகள் உள்ள பக்கமானால் காத்திருப்பிலேயே நேரம் கழிந்துவிடும்.

மின்னஞ்சல் அப்படியல்ல. அது தபால் பை போன்றது. எழுதுகிறவர் இணைப்பு இல்லாமலே எழுதலாம். பகலெல்லாம் எழுதியவற்றைக் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும். இரவில் தொலைபேசிக் கட்டணம் குறையும் வேளையில் மோடம் தானே தலைநகரத்தை அழைத்து, எல்லாக் கடிதங்களையும் சுருக்கிக் கட்டி அனுப்பும். அங்கே காத்திருக்கும் கடிதங்களை வாங்கிக்கொண்டு தொலைபேசியை வைத்துவிடும். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1984-ல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் தொடங்கிய ஃபிடோநெட் என்னும் முறை இவ்விதமாகவே இயங்கியது. பொழுதுபோக்குக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் செய்த ஏற்பாடு அது; ஆப்பிரிக்க நாடுகளில் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அது பெரிய உதவியாயிற்று. அதில் கோப்புகளை அனுப்பப் பயன்படுத்திய முறைகளில் ஸீமோடம் என்ற ஒன்றுக்கு நல்ல குணம் ஒன்று உண்டு. நடுவில் கம்பி அறுந்துபோனால், மறுபடி அழைக்கும்போது முதலிலிருந்து தொடங்காது. விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத் தொலைபேசியை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

தொலைபேசியும் இல்லாத இடங்களுக்காக வேறொரு ஏற்பாடு வந்தது. டாக்டர் பெர்னார்ட் லௌன் என்னும் இருதய நோய் நிபுணரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நின்றுபோகும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவியை 1960-களின் தொடக்கத்தில் மேம்படுத்தியவர் அவர். அணு ஆயுதத்தை எதிர்த்து ரஷ்ய மருத்துவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய மருத்துவர் சங்கத்துக்கு 1985-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. வல்லரசுகள் வானவெளியில் ஆயுதங்களை நிறுத்தத் திட்டமிட்ட அந்நாட்களில், அதே வானவெளியை ஏழைநாட்டு மருத்துவர்களுக்குச் செய்தி கொண்டுபோகப் பயன்படுத்தலாமே என்று அவர் யோசித்தார். சாடலைஃப் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. அதன் வலையமைப்புக்கு ஹெல்த்நெட் என்று பெயர். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டப் பொறியாளர்கள் கட்டிய ஹெல்த்சாட்-2 என்னும் சிறிய செயற்கைக்கோள் 1993-ம் ஆண்டு செப்டம்பரில் ஏவப்பட்டது.

இந்தச் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில், நூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும். ஓர் ஊரின் தலைக்கு மேல் நாளொன்றுக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து, பதினைந்து நிமிடம் தெரியும். அந்த நேரத்துக்குள் மருத்துவமனையின் வானொலிக் கருவி தன் கடிதங்களை மேலே ஏற்றிவிட வேண்டும். தனக்கு வந்தவற்றை இறக்கிக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் அவற்றைத் தன் நினைவகத்தில் சுமந்துபோய், வேறொரு கண்டத்துக்கு மேலே பறக்கும்போது அங்குள்ள நிலையத்தில் இறக்கிவைக்கும். கிராமத்துத் தபால்காரர் சைக்கிளில் வருகிற மாதிரிதான். மொசாம்பிக், தான்சானியா, உகாண்டா நாடுகளில் தீக்காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள் ஹெல்த்நெட் மூலமாக ஒருவரையொருவர் ஆலோசனை கேட்டுக்கொண்டார்கள். பக்கத்து நாட்டு மருத்துவரிடம் பேச அதற்குமுன் அவர்களுக்கு எளிய வழி இருந்ததில்லை.

கடிதம் போய்வருகிறது. இணையப் பக்கம் எப்படி வரும்?

அதற்குச் செய்த உபாயம் மிகவும் எளியது. நல்ல இணைப்பு உள்ள ஊரில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். அந்த முகவரிக்கு யாராவது கடிதம் எழுதி, அதில் 'கெட்' அல்லது 'செண்ட்' என்ற ஒரு சொல்லும், அதன் பக்கத்தில் வேண்டிய இணையப் பக்கத்தின் முகவரியும் குறித்தால் போதும். மரியாதைச் சொற்கள் ஒன்றும் தேவையில்லை. எழுதினால் இயந்திரத்துக்குக் குழப்பந்தான். அது நமக்குப் பதிலாகப் போய் அந்தப் பக்கத்தை எடுத்து, படங்களையும் அலங்காரங்களையும் நீக்கி, எழுத்தை மட்டும் பதில் கடிதமாக அனுப்பிவிடும். அந்தப் பக்கத்திலிருந்து வேறு பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகள் உண்டல்லவா? அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்து, முகவரிகளைக் கடிதத்தின் அடியில் பட்டியலாகத் தந்துவிடும். வேண்டிய எண்ணைப் பார்த்து மறுபடியும் கடிதம் எழுத வேண்டியதுதான். பக்கம் நீளமானதாக இருந்தால் பல கடிதங்களாகப் பிரிந்து வரும்.

வைய விரிவு வலை பிறந்த செர்ன் ஆய்வகத்திலேயே, 1990-களின் முற்பகுதியில், கடிதம் எழுதினால் பக்கத்தை அனுப்பும் நிரல் இருந்தது. பிறகு அகோரா என்ற நிரல் பல நாடுகளில் பயன்பட்டது. இறையியல் கல்லூரியில் கிரேக்கு மொழியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல: அத்தேனே பட்டணத்தில் பவுல் வந்துபோகிறவர்களோடு சம்பாஷித்த சந்தைவெளிக்கு மூலமொழியில் அகோரா என்றே பெயர். சாடலைஃப் அமைப்பு தன் மருத்துவர்களுக்காக கெட்வெப் என்னும் சேவையை நடத்தியது. 1994-ல் பாப் ரேங்கின் என்ற அமெரிக்கர் இந்த வழிமுறைகளையெல்லாம் தொகுத்து ஒரு கையேடு எழுதினார். அது பல மொழிகளில் வந்தது. அந்தக் கையேட்டையும் மின்னஞ்சல் அனுப்பியே பெற்றுக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் லாபம் தெரியும். அந்நாளைய மோடம் விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் வரும். ஒரு மருத்துவக் கட்டுரையின் சுருக்கம் இரண்டாயிரம் எழுத்து. இரண்டு விநாடியில் வந்து சேரும். அதே கட்டுரை படங்களோடு அலங்கரிக்கப்பட்ட பக்கமாக இருநூறு கிலோபைட் இருந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் கம்பி அறுபடாமல் இருந்தால். தலைநகரத்துக்கு டிரங்க் கால் போட்டு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டும் மருத்துவமனைக்கு இது சிறிய வேறுபாடல்ல. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997-ல் பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தேடலை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் சுருக்கங்கள் வெறும் எழுத்தாகவே இருந்தபடியால் அஞ்சல் வழிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின.

இந்த வேலையை மிகுந்த அக்கறையோடு செய்தவர்கள் என்று நாங்கள் கருதுவது இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தாரை. பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964-ல் அதை நிறுவினார். ஏழைநாட்டு விஞ்ஞானிகள் சொந்த ஊரிலிருந்தே உலக அறிவோடு தொடர்புகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மையத்தில் கிளெமென்ட் ஓனிமே என்பவர் 1990-களின் பிற்பகுதியில் www4mail போன்ற ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு நிரலை உருவாக்கினார். 'மின்னஞ்சலுக்காக வலை' என்பது அதன் கருத்து. கட்டளைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல், பக்கத்தின் முகவரியை மட்டும் எழுதினாலே அது புரிந்துகொள்ளும். தேடவும் செய்யும், வேண்டுமானால் படத்தையும் இணைப்பாக அனுப்பும். நிரலை எவரும் எடுத்துத் தங்கள் ஊரில் நிறுவிக்கொள்ளலாம். பின்பு அதே மையத்தார், சந்தா கட்ட இயலாத நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளை, வெளியீட்டாளரின் சம்மதத்தோடு, மின்னஞ்சலில் அனுப்பும் சேவையையும் தொடங்கினார்கள்.

குறைகளும் இருந்தன. கடவுச்சொல் கேட்கும் பக்கங்கள், படிவம் நிரப்ப வேண்டிய பக்கங்கள் சரிவர வரவில்லை. நிலப்படம், எக்ஸ்ரே, தோல்நோய்ப் படம் போன்றவற்றை எழுத்தாக்க முடியாது. தவறான முகவரியை எழுதிவிட்டால், அது தவறு என்று தெரிவதற்கே மறுநாள் ஆகும். இலவசமாகக் கிடைத்தபடியால் கூட்டமும் அதிகம்; நல்ல இணைப்பு உள்ளவர்களும் தங்கள் அலுவலகக் கட்டுப்பாட்டைத் தாண்டுவதற்காக இதைப் பயன்படுத்தினார்கள். ஆகவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட சேவையகங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

எதைக் கேட்பது என்று தெரியாதவருக்கு என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி. பக்கத்தின் முகவரி தெரிந்தால்தானே எழுதலாம்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 2002-ம் ஆண்டு வாக்கில் இதற்கு ஒரு பதில் கண்டார்கள். அந்தக் குழுவின் பேராசிரியர் சமன் அமரசிங்க, இலங்கையின் முதல் இணையச் சேவை நிறுவனத்தைத் தொடங்கியவர் என்பதை வாசகரில் இலங்கையார் அறிந்திருக்கலாம். அவர்கள் செய்த டெக் என்னும் ஏற்பாட்டில், தேட வேண்டிய சொற்களை மட்டும் எழுதினால் போதும். கேள்வி மின்னஞ்சலாக அமெரிக்காவுக்குப் போகும். அங்குள்ள கம்ப்யூட்டர் தேடி, நல்ல பக்கங்கள் சிலவற்றை எடுத்து, ஒரே மாதிரியானவற்றை நீக்கி, சுருக்கி, இரவோடு இரவாக அனுப்பும். இந்தப் பள்ளிக்கு முன்பே எந்தெந்தப் பக்கங்களை அனுப்பினோம் என்பதையும் நினைவில் வைத்து, அவற்றை மறுபடி அனுப்பாமல் விடும். வந்தவை எல்லாம் உள்ளூர் கம்ப்யூட்டரில் தங்கியிருக்கும்; அடுத்த மாணவன் அதே கேள்வி கேட்டால் காத்திராமல் பதில் கிடைக்கும். ஒருவர் வரவழைத்தது எல்லாருக்கும் உதவும் நூலகமாக வளர்வதே இதில் நாங்கள் மெச்சும் காரியம்.

கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் 2003-ல் தபால் பையையே மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்கள். சூரிய சக்தியில் ஓடும் கம்ப்யூட்டர்கள் இருந்த கிராமப் பள்ளிகளின் வழியாக மோட்டார் சைக்கிள் கடந்துபோகும்போது, அதில் பொருத்திய வானொலிப் பெட்டி அங்குள்ள கடிதங்களைச் சில விநாடிகளில் வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவற்றைக் கொடுத்துவிடும். மாகாணத் தலைநகரான பன்லுங்கில் செயற்கைக்கோள் இணைப்பு இருந்தது. அங்குள்ள மருத்துவமனையிலிருந்து நோயாளிகளின் விவரங்கள் பாஸ்டன் நகர மருத்துவர்களுக்கும் மின்னஞ்சலில் சென்றன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையப் பக்கம் நோயைப் பற்றிச் சொல்லும். கட்டிலில் கிடக்கிற நோயாளியைப் பற்றிச் சொல்லாது. ஆகவே பக்கத்தை வரவழைத்த அதே மின்னஞ்சல், ஆளைக் கேட்பதற்கும் பயன்பட்டது. இங்கிலாந்தில் ஸ்வின்ஃபென் பிரபுவும் அவர் மனைவியும் 1998-ல் தொடங்கிய அறக்கட்டளை, 1999-ல் வங்காளதேசத்தின் சவாரிலுள்ள பக்கவாத நோயாளர் மறுவாழ்வு மையத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமராவும் அதை நிறுத்தும் முக்காலியும் கொடுத்தது. அங்குள்ள மருத்துவர் படமெடுத்து, கேள்வியோடு மின்னஞ்சலில் அனுப்புவார். வேறு நாட்டு நிபுணர் கட்டணமின்றிப் பதில் எழுதுவார். முதல் ஆண்டில் இவ்விதம் 27 நோயாளிகளைப் பற்றி ஆலோசனை கேட்டார்கள். எண்ணிக்கை சிறியதுதான். நூறு பக்கங்களை வரவழைப்பதைவிட இப்படி ஒரு பதில் அதிகம் உதவிய சமயங்கள் உண்டு என்பது எங்கள் எண்ணம்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? அகோரா முதலிய சேவைகள் இன்று இல்லை. டாக்டர் லௌனும் 2021-ல், தமது 99-ம் வயதில் காலமானார். கைபேசிக் கோபுரங்கள் பெரும்பாலான ஊர்களை எட்டிவிட்டன. ஆயினும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2024-ல் ஏறத்தாழ 260 கோடி மக்கள் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். இணைப்பு உள்ள இடங்களிலும் பக்கங்கள் பருத்துவிட்டன: இன்றைய சாதாரணப் பக்கம் ஒன்று இரண்டு மெகாபைட்டுக்கு மேல் இருக்கிறது. பழைய 9,600 மோடத்தில் அதை இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்பி வளர்ந்த வேகத்தில் பக்கமும் வளர்ந்துவிட்டது.

கடலில் செல்லும் சிறு பாய்மரப் படகுக்காரர்கள் இந்தப் பழைய வழியை இன்னும் விடவில்லை. செயில்டாக்ஸ் என்னும் சேவைக்கு, தாங்கள் இருக்கும் கடற்பகுதியைக் குறித்து ஒரு வரி எழுதினால், காற்று, அலை நிலவரம் சில கிலோபைட்டில் பதிலாக வருகிறது. இணையப் பக்கத்தின் முகவரியை எழுதினால் அதன் எழுத்துகளையும் அனுப்புகிறது. குறுகிய வானொலி அலையிலும் செயற்கைக்கோள் கைத்தொலைபேசியிலும் அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. நிலத்திலிருக்கும் மருத்துவமனைகளுக்கோ வேறொரு வசதி வந்திருக்கிறது: கிவிக்ஸ் என்னும் நிரல் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளை முழுவதுமாக ஒரு சிறு அட்டையில் அடக்கித் தருகிறது. அதை உள்ளூரில் வைத்துக்கொண்டு, அதில் கிடைக்காததற்கு மட்டும் கடிதம் எழுதுவது எங்கள் பார்வையில் மிகவும் புத்தியுள்ள ஏற்பாடு. கம்ப்யூட்டர் கொடுக்க நினைக்கிறவர்கள், அத்தகைய அட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று அந்த மருத்துவமனையாரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே பேசும் மொழியில் அது கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, அனுப்புகிறவர்கள் பக்கத்திலும் ஒரு காரியம் உண்டு. கிறிஸ்துமஸ் நாட்களில் தூரதேச மருத்துவமனைகளுக்குச் சபைக் குடும்பங்களின் வண்ணப்படங்களை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். மின்னஞ்சலில் படம் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்று பங்கு நான்கு பங்காகிவிடும். மூன்று மெகாபைட் படம் நான்கு மெகாபைட் ஆகும். விநாடிக்கு 2,400 பிட் மட்டும் கடத்தும் இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசியில் அந்த ஒரு வாழ்த்து வந்து சேர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தபால் பை ஒன்றே. அதன் பின்னால் நிற்கிற கடிதத்தில் ஒரு மருத்துவரின் கேள்விக்குப் பதில் இருக்கலாம். ஆகவே அப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதும்போது வாழ்த்தைக் கடிதத்தின் உள்ளேயே நான்கு வரியில் எழுதுங்கள். படம் அனுப்பியே ஆக வேண்டுமானால் முதலில் கேட்டு, நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கி அனுப்புங்கள். அச்சிட்ட படமானால் சாதாரணத் தபாலில் போகட்டும். தாமதமாகச் சேர்ந்தாலும் சுவரில் மாட்டிக்கொள்வார்கள்.